வெள்ளையடித்த டிரம்

எங்கள் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வந்து நின்றார். தலைப்பையும் அவரே வைத்திருந்தார்: வீட்டிலேயே ஒர்க்‌ஷாப் அமைப்பது எப்படி. இப்போது பல பேர் வாடகைக்குப் பயந்து வீட்டு வாசலில் ஷீட் போட்டு வண்டி பார்க்கிறார்களாம். அவர்களுக்குப் பயன்படுமாம். "நல்ல விதமா எழுதுங்கண்ணா, யாரையும் திட்டாம" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டாமல் எழுத வேண்டுமென்றால் அவர் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் பார்த்ததிலேயே மிக அழகான வீட்டு ஒர்க்‌ஷாப்பைப் பற்றி எழுதுகிறேன். அதை அமைத்தவன் நான். அழகாக்கியவர் வேறொருவர். அது அவ்வளவு அழகாக ஆகாமல் இருந்திருந்தால், ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டிய நிலை வந்திருக்காது.

தொழில் பழகியது கோயமுத்தூரில் ஒரு லாரிப் பட்டறையில். பழகிய கதையை நீட்ட ஒன்றுமில்லை. முதலில் எல்லோருக்கும் டீ வாங்கினேன், அப்புறம் எல்லோரிடமும் அடி வாங்கினேன், கடைசியில் கையில் ஸ்பேனர் வாங்கினேன். அந்தப் பட்டறையில் மரியாதையாகப் பேசினால் யாருக்கும் காது கேட்காது. அதனால் கொங்கு நாட்டில் பிறந்தும் என் வாயில் 'ங்க' சரியாக வராமல் போய்விட்டது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் பிற்பாதியில் திருப்பூருக்குத் திரும்பினேன். பனியன் ஏற்றுமதி கொழித்த நேரம். நேற்று சைக்கிளில் போனவர் இன்று காரில் போனார். கார் நின்றுவிட்டால் இறங்கி, சைக்கிளைத் தட்டுவது போல அதையும் தட்டினார். அருள்புரம் பக்கம் அப்படி ஒரு முதலாளி இருந்தார். நாச்சிமுத்து என்று பெயர். முன்னால் பங்களா, பக்கத்தில் தையல் கம்பெனி, பின்னால் துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறை, எல்லாம் ஒரே காம்பவுண்டு. ஒரு அம்பாசடர், இரண்டு வேன். அப்போது ஊருக்கே புதிதாக இருந்த சின்னக் கார் ஒன்று பின்னால் வந்து சேர்ந்தது. வெளி மெக்கானிக்குகள் எல்லாம் திருடர்கள் என்பது அவர் கருத்து. அதில் பாதி உண்மை.

"ஊட்டுலயே ஒரு ஒர்க்‌ஷாப்பு வெச்சுக்கலாமுங்க ஆறுமுகம். நீங்களே வந்து அமைச்சுக் குடுங்க" என்றார்.

அவருடைய மரியாதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை குறையும். இவருக்குக் கூடும். மனசு நிறைந்திருந்தால் "டேய் ஆறுமுகம், வாடா, காப்பி குடி" என்பார். லேசாக எரிச்சல் வந்தால் "வாங்க ஆறுமுகம்". 'ஏனுங்க' என்று ஆரம்பித்தால் யாருக்கோ சோறு போகப்போகிறது என்று அர்த்தம். அவர் யாரையும் வேலையை விட்டுப் போ என்று சொன்னதே இல்லை. "ஊருக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வாங்க" என்பார். அந்த நாலு நாள் முடிந்து திரும்பி வந்தவனை அந்தக் காம்பவுண்டு பார்த்ததில்லை.

பழைய மாட்டுக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கக் குழி வேண்டும் என்றேன். உடனே வாஸ்துக்காரர் வந்தார். நான் குறித்த இடத்தில் குழி இருந்தால் வீட்டுக்காரருக்கு ஆகாதாம். அவர் குறித்த இடத்தில் குழி இருந்தால் வண்டிக்கு ஆகாது என்றேன். வண்டிக்கு ஜாதகம் இல்லை என்பதால் நான் தோற்றேன். கடைசிவரை ஒவ்வொரு வண்டியும் ரிவர்ஸில்தான் குழிக்குப் போனது.

சாமான் அடுக்கும் வேலை அதைவிட வேடிக்கை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பலகை அடித்து, தினமும் எடுப்பதைக் கீழேயும் எப்போதாவது எடுப்பதை மேலேயும் தொங்கவிட்டேன். முதலாளி பார்த்தார். மறுநாள் கட்டிங் மாஸ்டர் வந்தார். பனியனுக்குப் பேட்டர்ன் அட்டை வெட்டுகிற மாதிரி ஒவ்வொரு ஸ்பேனரையும் அட்டையில் வைத்து வரைந்து வெட்டி, அதே உருவத்தைச் சுவரில் கறுப்பு பெயிண்டில் இறக்கினார். அதற்கு மேல் பனியன் லேபிள் ஒட்டினார்கள். சின்ன ஸ்பேனர் ஸ்மால், பதினாலு நம்பர் மீடியம், அதற்கு மேல் லார்ஜ். வீல் ஸ்பேனருக்கு டபுள் எக்ஸெல். சாயந்திரமானால் செக்கிங் செக்‌ஷனிலிருந்து ஒரு பெண் வந்து சுவரைப் பார்ப்பாள். ஒரு உருவம் காலியாக இருந்தால் "ஷார்ட்டேஜுங்கண்ணா" என்பாள். ஸ்பேனர் வண்டிக்கு அடியில் என் கையில் இருக்கும்.

புதிதாக வாங்கிய டார்க் ரென்ச்சைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூப் போட்டார்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் இறுக்குவதற்கான கருவி அது. கிரீஸ் கை படக்கூடாது என்று உத்தரவு. மெக்கானிக்குக்கு வேறு என்ன கை இருக்கும்?

இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டதற்கு இரண்டு காரணம். ஒன்று, துடைக்க பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. கோயமுத்தூரில் ஒரு துண்டுக் கந்தலுக்கு அடித்துக்கொண்டவன் நான். இன்னொன்று, காஸ்டிக் டிரம்.

அது முதலாளியின் யோசனை, நல்ல யோசனை. பிளீச்சிங் பட்டறையில் துணியை வேகவைக்கும் காஸ்டிக் சோடாத் தண்ணீரை ஒரு பெரிய இரும்பு டிரம்மில் நிரப்பி, பாய்லரிலிருந்து ஸ்டீம் பைப் விட்டுக் கொடுத்தார். கிரீஸ் ஏறிப்போன இரும்புச் சாமானை உள்ளே இறக்கி, வேகவிட்டு எடுத்துக் கழுவினால் இப்போதுதான் வார்த்தது மாதிரி இருக்கும். மற்ற ஊர் மெக்கானிக் மண்ணெண்ணெயில் நாள் பூராவும் தேய்ப்பதை நாங்கள் சும்மா உட்கார்ந்து முடித்தோம். திருப்பூரைத் தவிர வேறெங்கும் இப்படி ஒரு சௌகரியம் யாருக்கும் தோன்றியிருக்காது. இப்படி ஒரு வம்பும் வந்திருக்காது.

காஸ்டிக் இரும்பை ஒன்றும் செய்யாது. அலுமினியத்தைத் தின்றுவிடும். அதனால் டிரம்மின் வயிற்றில் சிவப்பு பெயிண்டில் நானே பெரிதாக எழுதினேன்: அலுமினியம் போடக்கூடாது. என் கையெழுத்து கோணல். படிக்க முடிந்தது, அது போதும்.

டிரம்முக்குக் காஸ்டிக் ஊற்றி ஸ்டீம் திறந்துவிட பிளீச்சிங்கிலிருந்து சுடலை வருவான். தெற்கே மழை பொய்த்துப்போன ஒரு ஊரிலிருந்து பெண்டாட்டியோடு வந்தவன். அவள் பேச்சியம்மாள் செக்கிங்கில் இருந்தாள். கம்பெனி லைன் வீட்டில் ஒரு அறை. வேலை போனால் இரண்டு பேருக்கும் போகும், அறையும் சேர்ந்து போகும். ஊரில் இருந்த ஓட்டு வீட்டை விற்றுவிட்டு வந்திருந்தார்கள். இது காம்பவுண்டில் எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

அந்தச் சின்னக் கார் முதலாளி வாங்கியதல்ல. மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி கல்யாணத்துக்குக் கொடுத்த கார். ஊத்துக்குளியில் பெரிய வெண்ணெய் வியாபாரி. மகன் புதுப் பெண்டாட்டியை அதில் ஊட்டிக்குக் கூட்டிப் போனான். மலை ஏறும்போதே தண்ணீர் கொதித்து ஆவி வந்திருக்கிறது. புதுப் பெண்ணின் முன்னால் வண்டியை ஓரம் கட்டுவது ஆண்பிள்ளைக்கு அழகா? உச்சிவரை ஓட்டினான். வீட்டுக்கு வந்தபோது இஞ்சினுக்கு மூடியான ஹெட்டின் அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு போய், ஆயிலில் தண்ணீர் கலந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பு முழுக்கக் காப்பி நுரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி குடும்பத்தோடு விருந்துக்கு வருகிறார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டேய் ஆறுமுகம், வெளிய உடக்கூடாதுடா. அவரு குடுத்த வண்டிய ஒரு மாசத்துல கெடுத்துப்போட்டான்னு தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பந்தியில உக்காருவேன்? ஞாயித்துக்கெழம அவரு முன்னால வண்டி ஸ்டார்ட் ஆகோணும்."

'டேய்' என்றார், அதனால் நம்பினேன். ஹெட்டைக் கழற்றினேன். அம்பாசடருக்கு ஹெட் வார்ப்பிரும்பு. இதற்கு அலுமினியம். ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன், நல்ல காலம், வளையவில்லை. மேலே படிந்த கரியை மரக்குச்சியால் சுரண்டி மண்ணெண்ணெயில் கழுவ வேண்டியதுதான். கேஸ்கெட் வந்தால் மாட்டிவிடலாம்.

இதற்கிடையில் விருந்துக்காக ஒர்க்‌ஷாப்புக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். ஸ்பேனர் உருவங்களை மட்டும் விட்டுவிட்டுச் சுவருக்கு அடித்தார்கள். கதவுக்கு அடித்தார்கள். குழியின் விளிம்புக்கு அடித்தார்கள். மிச்சம் இருந்த பெயிண்டை, முதலாளி சொன்னார் என்று, பெயிண்டர் டிரம்முக்கும் அடித்துவிட்டான். வந்து பார்த்தபோது டிரம் பால்குடம் மாதிரி நின்றது. சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை.

"எழுத்து போயிடுச்சு முதலாளி. திரும்ப எழுதணும்" என்றேன்.

"வெள்ளை மேல செகப்பா? ரத்தம் ஒழுகுன மாதிரி இருக்கும்டா. சம்பந்தி வந்துட்டுப் போகட்டும். அப்பறம் போர்டு எழுதற ஆர்ட்டிஸ்ட்டக் கூப்புட்டு அழகா எழுதிக்கலாம்."

வெள்ளிக்கிழமை கேஸ்கெட் வாங்கக் கோயமுத்தூர் பஸ் ஏறினேன். அந்தப் புதுக் காருக்குத் திருப்பூரில் அப்போது சாமான் கிடைக்காது. ஹெட்டைப் பெஞ்சு மேல் சாக்கு போட்டு மூடிவிட்டுத்தான் போனேன்.

மத்தியானம் திரும்பி வந்தால் டிரம் இரைந்துகொண்டிருந்தது. இரும்பு வேகும் சத்தம் எனக்குத் தெரியும். இது அதுவல்ல. விளிம்பு தாண்டிச் சாம்பல் நிற நுரை பொங்கி வெள்ளை பெயிண்டில் வழிந்தது. பக்கத்தில் சுடலை கரண்டியோடு நின்று, பால் பொங்குவதைப் பார்ப்பது போலப் பயபக்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ளே என்னடா?"

"பெஞ்சு மேல கெடந்த சாமான்தான் அண்ணாச்சி. மொதலாளி வந்து சாக்கத் தூக்கிப் பாத்தாவ. கரியா கெடக்கு, பளபளன்னு ஆக்கிருங்கன்னு சொன்னாவ. இது வேற மாதிரி வெயிட்டே இல்லாம இருக்கே மொதலாளின்னு கேட்டேன். நல்லதாப் போச்சு, தூக்கச் சுளுவுன்னாவ."

ஸ்டீமை மூடிவிட்டுக் கொக்கி போட்டுத் தூக்கினேன். ஹெட் என்று சொல்ல வேண்டுமென்றால் சொல்லலாம். கறுத்து, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்து, தண்ணீர் போகும் ஓட்டைகள் எல்லாம் வாய் பிளந்திருந்தன. வால்வு உட்காரும் வளையங்கள் பல் ஆடுவது போல ஆடின. கேஸ்கெட் பொட்டலம் இன்னும் என் அக்குளில்தான் இருந்தது.

முதலாளி வந்தார். பார்த்தார். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். சுடலை பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சுடலை."

செக்கிங் செக்‌ஷனில் கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிட்டது.

"இதுல அலுமினியம் போடக்கூடாதுன்னு எழுதியிருந்துதுங்களே, நீங்க பாக்கலீங்களா?"

"வெள்ளையாத்தான மொதலாளி இருக்கு? நான் பிளீச்சிங்லேர்ந்து வாரவன். இது அலுமினியம்னு எனக்கு என்னத்தத் தெரியும்? நீங்கதான போடச் சொன்னீய."

"நான் ஆயிரஞ் சொல்லுவனுங்க. நான் சொன்னா, நீங்க போட்டுருவீங்களா?"

இந்தக் கேள்வியை உலகத்தில் எல்லா முதலாளிகளும் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்கள். சுடலை கரண்டியைப் பார்த்தான்.

"பரவால்லீங்க" என்றார் முதலாளி. பூப் போல இருந்தது குரல். "நீங்களும் ஊட்டுக்காரம்மாவுமா ஊருக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வாங்க. அறைச் சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துருங்க."

பேச்சியம்மாள் அழவில்லை. செக்கிங் மேஜையிலிருந்து எழுந்து வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள். "எந்த ஊருக்கு மொதலாளி?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மண்ணெண்ணெயில் பனியன் வேஸ்ட்டை நனைத்து டிரம்மின் வயிற்றில் தேய்த்தேன். பெயிண்ட் அடித்து நாள் ஆகவில்லை, சூட்டில் இளகியும் இருந்தது. வெள்ளை போய் அடியில் 'கூடாது' மட்டும் தெரிந்தது.

"இது மேல பெயிண்ட் அடிக்கச் சொன்னது யாரு? திரும்ப எழுதணும்னு நான் சொன்னப்ப வேண்டாம்னது யாரு? கோயமுத்தூர்ல புது ஹெட்டு இருக்கு, கடையில பாத்துட்டுத்தான் வந்தேன். நாளைக்கே வாங்கிட்டு வந்து மாட்டறேன். ஆனா, சுடலை இங்க இருந்தா மாட்டறேன். அவன் போனா நானும் போறேன். சம்பந்தி வந்து மூடி இல்லாத இஞ்சினப் பாத்துட்டுப் போகட்டும்."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"அப்படீங்களா" என்றார். "சரிங்க" என்றார். "செய்யுங்க" என்றார்.

மூன்று 'ங்க'. சுடலை பிழைத்தான் என்பதும் நான் செத்தேன் என்பதும் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை புது ஹெட்டைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இஞ்சின் பிளாக்கின் மேல்முகத்தைத் துடைத்து, தூசு தும்பு இல்லை என்று விரலால் தடவிப் பார்த்து, கேஸ்கெட்டை வைத்து ஹெட்டை இறக்கினோம். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வெளியே போக வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. முதல் சுற்று பேருக்கு, இரண்டாவது சுற்று பாதி, மூன்றாவதில்தான் முழு இறுக்கம். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் ஹெட் நடுவில் தூக்கிக்கொள்ளும், மறுபடி ஊட்டி, மறுபடி காப்பி நுரை. மூன்றாவது சுற்றுக்குக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, வாடிய பூவை எடுத்துப் போட்டுவிட்டு டார்க் ரென்ச்சை எடுத்தேன். வாங்கியதிலிருந்து அது செய்த முதல் வேலை அதுதான்.

வீணாய்ப்போன ஹெட்டைக் காட்டி, "அதக் கண்ணுல படாம வைங்க" என்று முதலாளி சொல்லியிருந்தார். பனியன் வேஸ்ட் மூட்டை ஒன்றைப் பிரித்து, அதை நடுவில் திணித்து வாயைத் தைத்தேன். சுடலைதான் மூட்டையைப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க வேண்டும் என்றார். சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரே உதறலில் பிடித்தது. முதலாளி மூச்சு விட்டார். சம்பந்தி வண்டியைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் உருவங்கள், லேபிள்கள், டார்க் ரென்ச்சுக்குப் புதுப் பூ, டிரம்முக்கு அன்று காலையில் மறுபடி அடித்த வெள்ளை.

"கோயிலாட்டம் இருக்குதுங்க சம்பந்தி! இத்தனையும் யாருங்க அடுக்கி வெச்சது?"

என் பெயரைச் சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. எதிரே கையைக் கட்டிக்கொண்டு சுடலை நின்றான்.

"இவருதானுங்க" என்று அவனைக் காட்டினார்.

"அப்ப இவர எனக்குக் குடுத்துருங்க. ஊத்துக்குளியில எங்கூட்லயும் இதே மாதிரி ஒண்ணு அமைக்கோணும். மாட்டேன்னு சொல்லக்கூடாதுங்க."

கார் கொடுத்தவர் கேட்கிறார். அந்தக் காரை என்ன செய்து வைத்திருந்தோம் என்பது முதலாளிக்குத் தெரியும். முதலாளி எப்படி மறுப்பார்? "உங்களுக்கில்லாததுங்களா" என்று சிரித்தார். ஒரு மரியாதைக்காக, கை துடைக்க பனியன் வேஸ்ட் மூட்டைகளையும் வேனில் ஏற்றிவிடச் சொன்னார். எந்தெந்த மூட்டை என்று சுடலையே பார்த்து ஏற்றினான். ஒன்றை மட்டும் இரண்டு கையாலும் தூக்கினான். அடுத்த வாரமே பேச்சியம்மாளும் ஊத்துக்குளிக்குப் போனாள்.

திங்கள்கிழமை காலை முதலாளி எனக்குக் காப்பி கொடுத்தார். "ஏனுங்க ஆறுமுகம், வேலை பாத்துப் பாத்து ரொம்பச் சடஞ்சு, களைச்சுப் போயிட்டீங்க. ஊட்டுல போய் நாலு நாள் இருந்துட்டு வாங்க." இருந்துகொண்டிருக்கிறேன்.

என் வீட்டு வாசலில் ஷீட் போட்டு நான் அமைத்த ஒர்க்‌ஷாப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குழி, வேண்டிய இடத்தில் இருந்தது. ஸ்பேனர், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. கை முடியாமல் போகும்வரை அதில்தான் பிழைத்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் ஊத்துக்குளியிலிருந்து ஆள் வந்தது. வெண்ணெய் வேனில் ஏதோ சத்தம், சுடலைக்குப் பிடிபடவில்லையாம், என்னை அழைத்து வரச் சொன்னானாம். போனேன். சம்பந்தி தானே முன்னால் நடந்து எல்லாவற்றையும் காட்டினார். சுவரில் ஒரு உருவமும் இல்லை. வண்டி நேராகக் குழிக்குப் போனது. மூலையில் ஒரு டிரம். அதன் வயிற்றில் என் கையெழுத்தைவிடக் கோணலாகச் சிவப்பில் எழுதியிருந்தது: யார் சொன்னாலும் அலுமினியம் போடக்கூடாது.

டிரம்முக்கு மேலே உத்தரத்திலிருந்து கம்பி போட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். கறுத்து, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்து, வாய் பிளந்து. பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

நான் அண்ணாந்து பார்ப்பதைச் சம்பந்தி கவனித்தார்.

"அதுங்களா? திருஷ்டிக்குங்க. நம்ம சுடலைதான் கட்டுனாரு. நல்ல ஒர்க்‌ஷாப்புன்னா இப்படி ஒண்ணு தொங்கோணுமாமா. ஏனுங்க, உள்ளதுதானுங்களா?"

வேனுக்கு அடியில் சுடலையின் கால்கள் மட்டும் தெரிந்தன. அசையாமல் இருந்தன.

"ஆமாங்க" என்றேன். "கட்டாயம் தொங்கோணுங்க."